வக்கீல் விளையாட்டு

என் மனைவியின் அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தபோது என் மகளுக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தான். உள்ளங்கையில் அடங்கும். மூடியைத் திறந்தால் மேலே ஒரு திரை, கீழே ஒரு திரை. கீழ்த் திரையைச் சின்னக் குச்சி ஒன்றால் தொட வேண்டும். ஹைதராபாத்தில் மல்காஜ்கிரியில் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு ஒருவர் கம்ப்யூட்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் யாரும் இல்லை. நான் பத்தாவது முடித்துவிட்டு உப்பல் பக்கம் ஒரு அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலைக்குச் சேர்ந்தவன். கையுறை, போல்ட், கிரீஸ் டப்பா என்று கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுத்து, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்து வாங்குவது என் வேலை. அந்தப் பெட்டியை முதல் ஒரு மாதம் நான் தொடவில்லை. உடைத்துவிடுவேனோ என்று பயம்.

சுடுவது, கார் ஓட்டுவது என்று ஏதாவது இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தபோது திரையில் ஒரு கோர்ட் தெரிந்தது. மேலே நீதிபதி, கூண்டில் ஒரு சாட்சி. வக்கீல் எங்கே என்று கேட்டேன். நாம்தான் வக்கீல் என்றாள்.

கொலை செய்ததாகப் பிடிபட்ட ஒருவருக்காக நாம் வாதாட வேண்டும். முதலில் கொலை நடந்த இடத்துக்குப் போய் அலமாரி, மேஜை, குப்பைக்கூடை என்று எல்லாவற்றையும் குச்சியால் தொட்டுத் தடயம் சேர்க்க வேண்டும். பிறகு கோர்ட். சாட்சி சொல்வது வரி வரியாக வரும். ஒவ்வொரு வரியிலும் நமக்கு இரண்டு வழி. சாட்சியைத் துருவிக் கேட்கலாம். அல்லது, சேர்த்து வைத்த தடயம் ஒன்றை எடுத்துக் காட்டி, நீ சொல்வது பொய் என்று சொல்லலாம். தப்பான தடயத்தைக் காட்டினால் மேலே இருக்கும் பச்சைக் கோடு கொஞ்சம் குறையும். துருவிக் கேட்பதற்கு எதுவும் குறையாது, எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம். கோடு முழுவதும் போய்விட்டால் கட்சிக்காரருக்குத் தண்டனை. அதற்கு முன்பே சேமித்து வைத்திருந்தால் அந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். ஸ்டோர்ஸ் லேபிள் படிக்கிற அளவுக்குத்தான் எனக்கு இங்கிலீஷ். மகள் படித்துச் சொல்வாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது மட்டும் பாதி தெலுங்கும் பாதி இங்கிலீஷுமாக வரும். எனக்காக அவள் தமிழில் சொல்ல முயன்றது அந்த விளையாட்டில்தான்.

முதல் கேஸில் ஒரு ஹோட்டல் சமையல்காரன் முதலாளியைக் கொன்றுவிட்டான் என்று குற்றம். எதிர்வீட்டு அம்மாள் கூண்டில் நின்று, அவன் பின்வாசல் குழாயில் கை கழுவியதைப் பார்த்தேன் என்றாள். மகள் அந்த வரியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள்.

“நில்லும்மா. அன்னிக்கி தண்ணி வந்துதா?” என்றேன்.

“என்னப்பா?”

“முனிசிபாலிட்டி நோட்டீஸ் ஒண்ணு எடுத்தோமே, செவரில ஒட்டியிருந்தது. அதில என்ன போட்டிருக்கு?”

அவள் தடயங்களைப் புரட்டிப் பார்த்தாள். பைப் ரிப்பேர், அன்று முழுவதும் தண்ணீர் கிடையாது என்று இருந்தது.

“அப்பா! இது மல்காஜ்கிரியில தண்ணிக்குக் காத்திருக்கறவங்களுக்குத்தான் தெரியும்” என்று சிரித்தாள். நோட்டீஸைக் காட்டியதும் இசை மாறியது, அந்த அம்மாள் உளறத் தொடங்கினாள், ஜனங்கள் சலசலத்தார்கள். சமையல்காரன் விடுதலையானான்.

நான் கூட்டத்தில் பேசுகிறவன் இல்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூட யாராவது முதலில் கூப்பிட்டு நிறுத்தட்டும் என்று இருப்பேன். மகள் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் மனைவிதான் போவாள். அந்தப் பெட்டிக்குள் மட்டும் எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. ஞாயிறு மதியம் சாப்பாடு ஆனதும், “கோர்ட் எத்தனை மணிக்கு?” என்று நானே கேட்கத் தொடங்கினேன்.

இதையெல்லாம் பார்த்தவன் என் நண்பன் ஒருவன்தான். இரண்டு தெரு தள்ளி இருந்தான். ஊர் ஆம்பூர். அதே தொழிற்சாலையில் ஷெட்டின் கூரைக்குக் கீழே ஓடும் கிரேனை ஓட்டுகிறவன். பதினெட்டு வருஷமாக ஒரே கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போய்வந்தோம். அவன் பேசுவான், நான் கேட்பேன். ஒரு ஞாயிறு அவன் வந்தபோது நான் குச்சியை நீட்டிக்கொண்டு, “இவ பொய் சொல்றா, இவ பொய் சொல்றா” என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“இன்னாபா, பொம்பளைய போய் மெரட்டிக்கினு கீற?” என்றான்.

“அங்கிள், அப்பா லாயர் ஆயிட்டார்” என்றாள் மகள்.

“ஆஹா. பஸ்ல டிக்கெட் கேக்கவே வாய் வராது, இவரு வக்கீலு.” அன்றிலிருந்து என்னை வக்கீலே என்றுதான் கூப்பிட்டான்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவனுடைய ஷெட்டில் ஒரு ஆள் இறந்துபோனான். கான்ட்ராக்டில் வந்த ஆள். ஸ்ரீகாகுளம் பக்கம், முப்பது வயது இருக்கும், மனைவியும் ஒரு கைக்குழந்தையும் இருந்தார்கள். நண்பன் மேலே கேபினில் இருந்து ஒரு கட்டு இரும்புக் குழாயைத் தூக்கினான். சங்கிலி சரியாக மாட்டவில்லை. கட்டு சரிந்து கீழே நின்றவன் மேல் விழுந்தது. அன்று நான் மகளின் காலேஜ் விஷயமாக லீவில் இருந்தேன். சாயங்காலம் நண்பன் வீட்டுக்குப் போனேன். அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

எங்கள் தொழிற்சாலையில் கீழே நின்று சங்கிலி மாட்டி, கையால் சைகை காட்டுகிற ஆளைக் கலாசி என்போம். அவர் கை காட்டாமல் மேலே இருப்பவர் தூக்கக் கூடாது. அதுதான் சட்டம். கலாசி, நான் சைகை காட்டவே இல்லை, இவனாகத்தான் தூக்கினான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். நண்பனுக்குச் சார்ஜ் ஷீட் வந்தது. நிரூபணமானால் வேலை போகும். பதினெட்டு வருஷ சர்வீஸ் போகும். அவனுக்கு வேறு வருமானம் கிடையாது, இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதிரி விஷயத்தில் கம்பெனிக்குள்ளேயே ஒரு விசாரணை நடக்கும். என்கொயரி என்பார்கள். கோர்ட் மாதிரியே சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. வெளியிலிருந்து வக்கீல் மட்டும் வரக் கூடாது. கூட வேலை செய்கிற ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், அவர்தான் சாட்சியைக் கேள்வி கேட்பார். டிஃபென்ஸ் அசிஸ்டென்ட் என்று பெயர். வழக்கமாக யூனியன்காரர்கள் வருவார்கள். கலாசி யூனியன் கமிட்டியில் இருந்ததால் இவனுக்கு யாரும் வரவில்லை.

ஸ்டோர்ஸ் கவுண்டருக்கு வந்து நின்றான்.

“வக்கீலே, ஒரு கேஸ் வந்துக்கீது.”

நான் ரிஜிஸ்டரை மூடினேன்.

“எனக்கு யாரும் இல்லபா. நீ வா.”

“எனக்கு வாய் வராதே.”

“பொண்ணுகிட்ட இன்னா போடு போட்ட. நான் பாத்தனே. அதே மாதிரி அவன நாலு கேள்வி கேளு, போதும்.”

“அன்னிக்கி கலாசி கை காட்டினாரா?” என்று கேட்டேன்.

“காட்டினாரு” என்றான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. விளையாட்டிலும் கட்சிக்காரர் முதலில் அவ்வளவுதான் சொல்வார். நம்பிக் களத்தில் இறங்க வேண்டியதுதான்.

மகள் ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தாள். இடது பக்கம் சாட்சி சொன்னது, வலது பக்கம் தடயம். கலாசி எழுதிக் கொடுத்ததை வரி வரியாக எழுதினாள். விபத்து நடந்தது பத்து நாற்பதுக்கு. பத்தரை மணியிலிருந்து நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை என்று அவர் எழுதியிருந்தார். அந்த வரியின் வலது பக்கம் காலியாகவே இருந்தது.

ஒரு நாள் கவுண்டரில் ஆள் இல்லாத நேரத்தில், நான் லீவில் இருந்த அன்று என்னென்ன போயிருக்கிறது என்று ரிஜிஸ்டரைப் புரட்டினேன். ஒரு ஜோடி கையுறை. வாங்கியவர் கையெழுத்து, கலாசியுடையது. நேரம் பத்து முப்பத்தெட்டு. ஸ்டோர்ஸிலிருந்து அந்த ஷெட்டுக்கு வேகமாக நடந்தாலும் எட்டு நிமிஷம் ஆகும்.

அந்தப் பக்கத்தில் ஒரு அடையாளச் சீட்டு வைத்தேன். விளையாட்டில் இசை மாறுவது காதில் கேட்டது போல இருந்தது.

வீட்டில் மகளிடம் மட்டும் சொன்னேன். அவள் வலது பக்கத்தில் எழுதிவிட்டு, “அங்கிள்கிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

“அங்கயே காட்டிக்கலாம்.”

“நக்கோ அப்பா, வேணாம். முன்னாடியே சொல்லுங்க.”

“முன்னாடி சொன்னா வெளிய கசிஞ்சுடும்” என்றேன். அது காரணம் இல்லை. விளையாட்டில் தடயத்தைச் சரியான வரி வரும்வரை கையில் வைத்திருந்து, அந்த வரி வந்ததும் எடுத்து நீட்ட வேண்டும். அந்த நிமிஷத்தை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. முக்கியமாக நண்பன் பார்க்க வேண்டும். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக அப்படி ஒரு ஆசை வந்தது.

என்கொயரி நிர்வாகக் கட்டடத்தில் ஒரு சின்ன அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் என்கொயரி ஆஃபீசர், வேறு தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர். ஒரு பக்கம் நிர்வாகத்துக்காகப் பேசுகிறவர், மறுபக்கம் நாங்கள் இருவரும். மூலையில் டைப் அடிக்கிறவர். கலாசி நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். ஐம்பத்தைந்து வயது, முழங்கால் வலிக்காரர். விளையாட்டில் சாட்சிகள் எல்லாரும் வேடிக்கையாக இருப்பார்கள். இவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

என் முறை வந்தது. எழுந்தேன். நோட்டைப் பார்த்து ஹிந்தியில் கேட்டேன்.

“பத்தரை மணியிலேருந்து அந்த இடத்திலயே இருந்தீங்களா?”

“ஹவ்” என்று ஆமாம் போட்டார்.

“ஒரு தடவைகூட வெளிய போகல?”

“போகல.”

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“அதான் சொன்னேனே.”

ரிஜிஸ்டரை மேஜையில் வைத்து, அடையாளச் சீட்டு வைத்த பக்கத்தைத் திறந்து, அவருடைய கையெழுத்தின்மேல் விரலை வைத்தேன். நேரத்தைப் படித்தேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. என்கொயரி ஆஃபீசர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நிர்வாகத்துக்காரர் எழுந்து வந்து பார்த்தார். கலாசி பார்க்கவே இல்லை. “நேனு அக்கட லேனு சார்” என்றார். அங்கே நான் இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். சுமையை மாட்டி வைத்துவிட்டு இடத்தை விட்டுப் போவது அவர் செய்யக் கூடாத குற்றம். அதை மறைக்கத்தான் பொய் சொன்னார் என்பது எல்லாருக்கும் புரிந்தது.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் திரும்பி நண்பனைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

என்கொயரி ஆஃபீசர் கலாசிக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பிறகு என் நண்பனைப் பார்த்து, மெதுவாகத்தான் கேட்டார். “இவர் கை காட்டினார்னு நீங்க எழுதிக் கொடுத்திருக்கீங்க. இவரோ அங்கயே இல்ல. அப்போ சைகை கொடுத்தது யார்?”

அந்தக் கேள்வி அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. பொய் சொன்ன சாட்சி பிடிபட்டால் கேஸ் முடிந்தது என்றுதான் விளையாட்டில் கற்றிருந்தேன். அவர் அங்கே இல்லை என்றால் இவன் சொன்னதும் பொய்யாகும் என்று இத்தனை நாள் ரிஜிஸ்டரைக் கையில் வைத்திருந்தும் நான் யோசிக்கவில்லை.

நண்பன் கண்ணைத் திறந்தான்.

“யாரும் குடுக்கல சார். நானாத்தான் தூக்கினேன்” என்று ஹிந்தியில் சொன்னான். டைப் அடிக்கிறவர் அடித்தார்.

சைக்கிள் ஸ்டாண்டு வரை நடந்தோம். அங்கே வேப்பமரத்தடியில் நின்று அவனே சொன்னான். கை காட்டியது செத்துப்போனவன்தான். கலாசி காணாமல் போனதும், அவர் செய்வதைத் தினமும் பார்த்துப் பழகியிருந்த அந்த ஆள் கீழே நின்று கையை மேலே தூக்கிக் காட்டினான். அவசர வேலை, லாரி காத்திருந்தது, இவனும் தூக்கிவிட்டான்.

“அத ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொல்லி? அவனே கை காட்டினான், அவனே செத்தான்னு எழுதுவாங்க. கான்ட்ராக்டர் நஷ்டஈடு குடுக்காம கைய விரிச்சிடுவான். அந்தப் பொண்ணு குழந்தைய தூக்கிக்கினு எங்க போவும்?” என்றான். “கலாசி மேல சொன்னா, அவரு இல்லன்னுவாரு, நான் ஆமான்னுவேன். ரெண்டு பேருக்கும் நடுவுல சாட்சி இல்ல. ஏதோ இன்கிரிமென்ட்ட நிறுத்தி விட்டுடுவாங்கன்னு பாத்தேன்.” பிறகு, “அந்த ரிஜிஸ்டர ஒரு தபா என்கிட்ட காட்டியிருக்கலாம்பா” என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தரவில்லை என்று சொல்வது போலச் சொன்னான்.

விளையாட்டில் இப்படியே ஒரு கேஸ் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவள் இன்னொருத்தரைக் காப்பாற்ற வக்கீலிடமே ஒன்றை மறைப்பாள். அதை நான் இரண்டு முறை விளையாடியிருக்கிறேன். இரண்டு முறையும் அவளைத் திட்டியிருக்கிறேன். பதினெட்டு வருஷம் பக்கத்து சீட்டில் வந்தவன் அதையே செய்தபோது எனக்குத் தெரியவில்லை.

வேலையை விட்டு நீக்கி உத்தரவு வந்தது. கலாசிக்கும் தண்டனை, பதவி இறக்கினார்கள். மேல்முறையீடு செய்ய ஒரு வழி இருந்தது. நான் நாலு பக்கம் எழுதினேன், நடந்த உண்மை முழுவதையும். மகள் அதை இங்கிலீஷில் மாற்றிக் கொடுத்தாள். அவன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவன் மனைவி காபி போட உள்ளே போயிருந்தாள். முழுவதும் படித்தான்.

“நல்லா எழுதிக்கீறே” என்று சொல்லி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். “வேற ஒண்ணு எழுது. பதினெட்டு வருஷம் ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல, புள்ளைங்க படிக்குதுன்னு மட்டும் எழுது. போதும்.”

“அது நிக்காது.”

“நிக்காட்டி போவுது.”

அப்படியே எழுதினேன். நிற்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கான்ட்ராக்டர் சேர வேண்டியதைக் கொடுத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். குழந்தையோடு ஊருக்குப் போய்விட்டாள். நண்பன் ஹைடெக் சிட்டி பக்கம் எழும்பிக்கொண்டிருந்த கண்ணாடிக் கட்டடங்களில் தினக்கூலியாகக் கிரேன் ஓட்டினான். ஒரு இடத்தில் வேலை முடிந்தால் அடுத்த இடம் கிடைக்கும்வரை வீட்டில் இருப்பான். நான் போய்ப் பார்ப்பேன். வக்கீலே என்று கூப்பிடுவதை அவன் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் நிறுத்தச் சொல்ல நினைப்பேன். நிறுத்து என்று சொன்னால் ஏன் என்று அவன் வீட்டில் கேட்பார்கள். அதனால் சொல்லவில்லை. சில வருஷம் கழித்து வாடகை கட்ட முடியாமல் குடும்பத்தோடு ஆம்பூருக்கே போய்விட்டான்.

மகள் அந்த விளையாட்டைத் தனியாக முடித்தாள். என்னைக் கூப்பிட்டாள், எனக்குத் தலைவலி என்றேன். இரண்டு மூன்று ஞாயிறு கூப்பிட்டுவிட்டு அப்புறம் கூப்பிடவில்லை. என்னிடம் தமிழில் பேசுவதும் அதோடு குறைந்துவிட்டது.

நண்பன் இறந்த செய்தி வந்தபோது காரியத்துக்குத்தான் போக முடிந்தது. செகந்திராபாத்திலிருந்து ரயில் ஏறி, காட்பாடியில் இறங்கி, பஸ் பிடித்துப் போனேன். பந்தலில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள், ஒருவரையும் எனக்குத் தெரியாது. செருப்பு விடும் இடத்திலேயே நின்றேன். அவன் மனைவி பார்த்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் அண்ணனைக் கூப்பிட்டாள்.

“இவருதாண்ணா. யூனியன்காரன் ஒருத்தன்கூட வரல, இவரு ஒருத்தருதான் எங்கூட்டுக்காரருக்காக எழுந்து நின்னு வாதாடுனாரு. அவரு சொல்லிக்கினே இருப்பாரு, இன்னா கேள்வி கேட்டான் தெரியுமா, எதிர்ல இருந்தவனுக்கு பதிலே வரலன்னு.”

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் எழுந்து தன் நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். உட்காருங்க சார் என்றார். உட்கார்ந்தேன்.

“அவ்ளோ நல்லா பேசியும் ஏன் சார் தோத்துச்சு?” என்று அண்ணன் கேட்டார். அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் அது தெரியாது என்பது அவள் முகத்தைப் பார்த்தபோது புரிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

“சாட்சி சரியில்லைங்க” என்றேன்.

அவர் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். இலை போட்டாயிற்று, சாப்பிட வாங்க என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள்.